ரூபாயில் ஐந்தணா

மரக்கடையில் கணக்கு எழுதியே வயதானவன் நான். அடுக்கில் கிடக்கிற தேக்குக்கும் கோங்குக்கும் கன அடி போட்ட நேரத்தைவிட, பங்குதாரர்களின் மனஸ்தாபத்துக்குக் கணக்குச் சொன்ன நேரம் அதிகம். அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பித்த கடையோ, மாமன் மச்சான் சேர்ந்து போட்ட அறுவை மில்லோ, பிள்ளைகள் தலையெடுக்கும் காலத்தில் பேரேடு நடுக்கூடத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு போர்டு இரண்டு போர்டாகும். ஒன்றில் 'பழைய' என்றும் இன்னொன்றில் 'ஒரிஜினல்' என்றும் அடைமொழி ஏறும். இதையே பார்த்துப் பார்த்துச் சலித்தவன் என்பதால்தான், அமெரிக்காவின் வேர்ஹவுசர் குடும்பத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மரத்தில் பணம் பண்ணிய குடும்பங்கள் உலகத்தில் எத்தனையோ. கூட்டாளிகளின் பேரப்பிள்ளைகளோடும் சேர்ந்து உட்கார்ந்து தொழில் செய்த குடும்பம் அபூர்வம்.

ஃபிரெடரிக் வேர்ஹவுசர் 1834ல் ஜெர்மனியில், ரைன் நதிப் பக்கம் நீடர்சால்ஹைம் என்ற கிராமத்தில் பிறந்தவர். தகப்பனாருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு திராட்சைத் தோட்டமும் இருந்தன. பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோனார். படிப்பு நின்றது, காட்டு வேலை கைக்கு வந்தது. 1852ல், பதினேழு வயதில், கப்பலேறி பென்சில்வேனியா போய்ச் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்த வேலை பீர் காய்ச்சுகிற இடத்தில். பீர் காய்ச்சுகிறவனே அதற்கு நல்ல வாடிக்கையாளனாகிவிடுகிறான் என்று கண்டுகொண்டு அதிலிருந்து விலகியதாகச் சொல்வார்கள். பிறகு பண்ணைக் கூலி. 1856ல் மேற்கே நகர்ந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஊருக்கு வந்தார். ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பின், ஓர் அறுவை மில்லில் ராத்திரி ஷிப்டில் கொதிகலனுக்குத் தீப் போடுகிறவராகச் சேர்ந்தார். அங்கிருந்து டேலி எழுதும் வேலைக்கு உயர்ந்தார்.

டேலி என்றால் மரக்கடைக்காரர்களுக்குப் புரியும். மில்லிலிருந்து பலகை வர வர நீளம், அகலம், கனம், தரம் நான்கையும் கண்ணாலேயே பிடித்துப் புத்தகத்தில் கோடு கோடாகப் போட வேண்டும். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. ஒரு கோடு விட்டுப்போனால் முதலாளிக்கு நஷ்டம், ஒரு கோடு கூடினால் வாங்குகிறவனுக்கு நஷ்டம். எந்தப் பக்கமும் சாயாத கை வேண்டிய வேலை அது. அந்தக் கை அவருக்கு இருந்தது. ஒருநாள் மதியம் மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மரம் வாங்க வந்த ஜெர்மன் குடியானவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசி, நல்ல விலைக்கு விற்று, ரொக்கத்தை முதலாளியிடம் கொண்டு கொடுத்தார். முதலாளிகள் அவரை விற்பனைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் கோல் வேலி என்ற பக்கத்து ஊர்க் கிளைக்கே பொறுப்பாளராக்கினார்கள்.

1857ல் அமெரிக்கா முழுக்க வங்கிகள் மூடிக்கொண்டன. முதலாளிகள் திவாலானார்கள். இவருடைய கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. கிளையைத் தானே எடுத்து நடத்தினார். ஊரில் யாரிடமும் காசு இல்லை. ஆனால் குடியானவனுக்குக் களஞ்சியம் கட்ட மரம் வேண்டும். அவனிடம் பன்றி இருக்கிறது, மாடு இருக்கிறது, தானியம் இருக்கிறது. மரத்தைக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொண்டார். அவற்றைத் தெப்பம் ஓட்டி வருகிறவர்களிடம் கொடுத்து மரத்தடி வாங்கினார். பஞ்ச காலத்தில் கடையைச் சாத்தாமல் இருந்தவனை ஜனங்கள் மறப்பதில்லை. அந்த வருஷமே அவருக்குக் கல்யாணமும் ஆயிற்று. மனைவி சாரா பிளோடெல்லின் குடும்பமும் ஜெர்மனியில் அதே ஊர்ப் பக்கத்தது.

சாராவின் சகோதரியைக் கட்டியவர் ஃபிரெடரிக் டென்க்மன். இயந்திரம் தெரிந்தவர். 1860ல் சகலைகள் இரண்டு பேரும் சேர்ந்து, திவாலான பழைய முதலாளிகளின் மில்லையே தவணைக்கு வாங்கினார்கள். மில்லுக்குள் நடப்பது எல்லாம் டென்க்மன் பாடு, மரம் வாங்குவது இவர் பாடு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கவில்லை. டென்க்மன் 1905ல் இறக்கும்வரை, நாற்பத்தைந்து வருஷம், அந்த ஏற்பாடு நின்றது. சகலைகள் சேர்ந்து ஆரம்பித்து ஐந்து வருஷம் தாண்டிய மில் ஒன்றை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மரம் வாங்குவது என்றால் டிப்போவுக்குப் போய் ஏலம் கேட்பது இல்லை. வடக்கே விஸ்கான்சின் காடுகளுக்கு வேர்ஹவுசர் நேரில் போனார். அங்கே வெள்ளைப் பைன் மரம் வானத்தைத் தொட்டு நின்றது. இலேசான மரம், தண்ணீரில் நன்றாக மிதக்கும், ஆணி அடித்தால் பிளக்காது. மரமே இல்லாத புல்வெளி மாநிலங்களில் குடியேறியவர்களின் வீடுகள் எல்லாம் இந்தப் பைன் பலகையால்தான் எழுந்தன. குளிர்காலத்தில் வெட்டி, பனியில் இறுகிய பாதையில் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏற்றி, உறைந்த ஆற்றங்கரையில் குவிப்பார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது தடிகளைத் தண்ணீரில் உருட்டிவிடுவார்கள். பல முதலாளிகளின் தடிகள் ஒரே ஆற்றில் கலந்து போகும். யாருடையது எது என்று தெரிய வேண்டுமே! அதற்காகத் தடியின் இரண்டு முனைகளிலும் இரும்பு முத்திரைச் சுத்தியலால் நாலைந்து இடத்தில் ஓங்கி அடிப்பார்கள். தடி எப்படிப் புரண்டாலும் ஏதாவது ஒரு முத்திரை கண்ணில் படும். பட்டையிலும் கோடரியால் ஓர் அடையாளம் கொத்துவார்கள். நம் வனத்துறை டிப்போவில் அடிமரத்தில் இருக்கிற சுத்தியல் முத்திரையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சிப்பேவா ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில் பீஃப் ஸ்லூ என்ற கிளை வாய்க்கால் இருந்தது. அதில் தடிகளைத் தடுத்து நிறுத்தி, முத்திரை பார்த்துப் பிரித்து, தெப்பமாகக் கட்டி, தெற்கே உள்ள மில்களுக்கு அனுப்ப ஒரு கம்பெனி கிளம்பியது. ஆற்றின் மேல்பக்கத்தில் இருந்த விஸ்கான்சின் மில்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் மரம் எங்கள் ஊரிலேயே அறுபட வேண்டும் என்றார்கள். கோர்ட், சட்டசபை, ஆற்றில் கைகலப்பு எல்லாம் நடந்தது. தெற்கு மில்காரர்கள் சேர்ந்து 1870ஐ ஒட்டி மிசிசிப்பி ரிவர் லாகிங் கம்பெனி என்று ஒரு கூட்டு அமைத்தார்கள். 1872ல் வேர்ஹவுசர் அதன் தலைவரானார். வினோனா ஊரின் லேர்ட், நார்ட்டன் குடும்பங்கள், மஸ்கட்டீனின் மஸ்ஸர் குடும்பம், கிளின்டனின் லாம்ப் குடும்பம் என்று பலர் அதில் இருந்தார்கள். ஆற்றங்கரைச் சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டி போட்டவர்கள். இங்கே வந்த தடியை அவரவர் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொண்டார்கள்.

1880 கோடையில் பெருவெள்ளம் வந்தது. மேல்பக்க மில்காரர்கள் தடி தேக்கி வைத்திருந்த அணைப்புகள் உடைந்தன. அவர்கள் வருஷம் முழுக்க அறுக்க வேண்டிய மரம் மொத்தமும் மிதந்து வந்து பீஃப் ஸ்லூவில், எதிராளிகளின் கையில் விழுந்தது. ஆற்றை எதிர்த்து மரத்தை மேலே இழுத்துக்கொண்டு போக முடியாது. மில் ஓடாவிட்டால் அவர்கள் கதை முடிந்தது. பல வருஷம் கோர்ட் வாசலில் இழுத்தடித்தவர்கள் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். என் அனுபவத்தில் எந்த வியாபாரியும் இந்த இடத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்பான்.

வேர்ஹவுசர் வேறு யோசனை சொன்னார். உங்கள் மரம் கீழே எங்களிடம் இருக்கட்டும். எங்கள் மரம் மேலே உங்கள் பக்கத்தில் இருக்கிறது, அதில் இதே அளவுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். மேல்பக்க மில்கள் பிழைத்தன. அடுத்த வருஷமே, 1881ல், இரண்டு தரப்பும் சேர்ந்து சிப்பேவா லாகிங் கம்பெனி என்ற கூட்டை அமைத்தன. தலைமை வேர்ஹவுசருக்கு, பெரும்பங்கு தெற்கு மில்காரர்கள் எல்லாருக்குமாக. இதைத் தருமம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஏமாளி இல்லை. எதிராளியை ஒரு வருஷம் கசக்கிப் பிழிவதைவிட, அவனைப் பங்காளியாக்கினால் ஆறு முழுக்க அமைதியாகும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு போடுவதற்கு ஆத்திரத்தை அடக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள்.

1891ல் குடும்பம் மினசோட்டாவின் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்தது. சம்மிட் அவென்யூவில் பக்கத்து வீட்டுக்காரர் ஜேம்ஸ் ஜே. ஹில், ரயில்வே ராஜா. விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் பைன் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த மரம் பசிபிக் கரையில். அங்கே நார்தர்ன் பசிபிக் ரயில்வேயிடம் கோடிக்கணக்கான ஏக்கர் இருந்தது. ரயில் பாதை போடுவதற்காக 1864ல் அமெரிக்க காங்கிரஸ் இனாமாகக் கொடுத்த நிலம். அந்த ரயில்வேயும் அப்போது ஹில்லின் பிடியில்தான் இருந்தது. அவருக்குக் கடன் அடைக்கப் பணம் வேண்டியிருந்தது. ஹில் ஏக்கர் 7 டாலர் கேட்டார், இவர் 5 டாலர் என்றார், 6 டாலரில் முடிந்தது. 1900 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் 9,00,000 ஏக்கர் காடு 54 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அமெரிக்க வரலாற்றிலேயே தனியார் நிலப் பேரங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று அது.

கம்பெனிக்கு வேர்ஹவுசர் பெயரையே வைத்தார்கள். ஆனால் 60 லட்சம் டாலர் முதலீட்டில் வேர்ஹவுசர், டென்க்மன் இரண்டு பேருடைய பங்கும் சேர்ந்து 18 லட்சம்தான். நம் பழைய கணக்கில் ரூபாயில் ஐந்தணாகூட வராது. லேர்ட், நார்ட்டன் குடும்பங்கள் 12 லட்சம் போட்டன. மீதி மற்றப் பழைய கூட்டாளிகளுடையது. அதுவரை ஆற்றோரம் நடத்திய பெரிய கூட்டுகளிலும் அவர் வழக்கம் அதுதான்: பெரிய காரியத்தில் சிறிய பங்கு, பேச்சுக்கு மட்டும் முதல் மரியாதை. பாதிக்கு மேல் தன் கையில் வைத்திருந்து சொல்வதைக் கேள் என்று அதட்ட அவர் விரும்பியதில்லை. கூட்டாளிகளை இணங்க வைத்தே ஆக வேண்டும் என்ற நிலைமையைத் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்டார். சில கூட்டாளிகளுக்கு இந்தப் பேரத்தில் தயக்கம் இருந்தது. இவ்வளவு தூரத்தில், சந்தையே இல்லாத இடத்தில் காடு வாங்கி என்ன செய்வது? இது நமக்கும் இல்லை, நம் பிள்ளைகளுக்கும் இல்லை, பேரப்பிள்ளைகளுக்கு என்ற கருத்தில் அவர் சொன்னதாக அந்தக் குடும்பத்தில் வழங்கிவருகிறது. அப்படியே நடந்தது. 1902ல் எவரெட் என்ற ஊரில் ஒரு மில் வாங்கியதைத் தவிர, அவர் காலத்தில் பெரும்பாலான காடு சும்மாவே நின்றது. 1914ல் அவர் கலிபோர்னியாவின் பசடீனாவில் காலமானார்.

இதுவரை புகழ்ந்தாயிற்று. மறுபக்கத்தை எழுதாவிட்டால் டேலியில் கோடு விட்டவனாவேன். விஸ்கான்சினில் அவர்கள் வெட்டிய பைன் காடு ஓஜிப்வே மக்களுடையது. 1837 உடன்படிக்கையில் அரசாங்கம் அதை எழுதி வாங்கிக்கொண்டது. வாஷிங்டனில் காவ்லிட்ஸ் மக்கள் 1855ல் உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. ஆனாலும் 1863ல் ஒரு பிரகடனத்தின் மூலம் அவர்கள் மண் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ரயில்வேக்கு இனாம், ரயில்வேயிடமிருந்து ஏக்கர் 6 டாலர். பத்திரத்தில் வில்லங்கம் இல்லை, பத்திரம் பிறந்த இடத்தில்தான் வில்லங்கம். வெட்டிப்போன விஸ்கான்சின், மினசோட்டா நிலங்களில் அடிக்கட்டைகளும் காய்ந்த கழிவும் கிடந்தன. அவை பற்றி எரிந்து ஊர்கள் அழிந்தன. 1894ல் ஹிங்க்லி. 1918 அக்டோபரில் கிளோக்கே. அங்கே வேர்ஹவுசரின் மகன் ருடால்ஃப் மில் நடத்திய ஊரே சாம்பலாயிற்று. அந்த வட்டாரத்தில் அந்தத் தீயில் 450 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

அவர்கள் ஏன் மரம் நடவில்லை? நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி உடனே வரும், வர நியாயமும் உண்டு. மெட்ராஸ் ராஜதானியின் மலபார் ஜில்லாவில், நிலம்பூரில், கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் 1840களிலேயே தேக்கு நட்டுவிட்டார்கள். அதற்குக் காரணம் தரும சிந்தனை இல்லை, கப்பல் கட்டுகிற மலபார் தேக்குக்குத் தட்டுப்பாடு வந்ததுதான். அமெரிக்காவில் மரத்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை. மேற்கே போனால் இன்னொரு காடு. நின்ற மரத்துக்கு வருஷா வருஷம் வரி கட்ட வேண்டும் என்பதால் சீக்கிரம் வெட்டுகிறவனுக்குத்தான் லாபம். தீ வந்தால் நட்டது போய்விடும். 1902ல் யாகோல்ட் தீயில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, அதில் இவர்கள் காடும் உண்டு. அதன் பின்னால்தான் மேலாளர் ஜார்ஜ் லாங் மற்ற முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு தீத்தடுப்புக்குச் சங்கம் அமைத்தார். பசிபிக் வந்த பிறகு மேற்கே போக நிலம் இல்லை. வரிச் சட்டமும் மாறியது. 1941ல் வாஷிங்டன் மாநிலத்தின் மாண்டிசானோ ஊருக்கு அருகே, ஏறத்தாழ 1,20,000 ஏக்கரில், கிளெமன்ஸ் மரப்பண்ணையைத் தொடங்கினார்கள். வெட்டு, நடு, திரும்ப வெட்டு என்ற ஏற்பாட்டுக்கு அந்த நாட்டில் அப்படிப் பெயர் வாங்கிய முதல் பண்ணை. நிலம்பூருக்கு நூறு வருஷம் பின்னால். போக்கிடம் இல்லாதவன்தான் நடுகிறான். மனிதனைப் பற்றி இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமில்லை.

1935 மே மாதம் ஃபிரெடரிக்கின் மூத்த மகன் ஜான் இறந்தார். பத்திரிகைகள் குடும்பத்தின் செல்வத்தைப் பற்றிப் பெரிதாக எழுதின. அதைப் படித்த சிலர் ஒரு வாரத்திலேயே டகோமாவில் பள்ளியிலிருந்து வந்த, ஜானின் ஒன்பது வயதுப் பேரன் ஜார்ஜைக் கடத்தினார்கள். குழியில் அடைத்து, காரின் பின்பெட்டியில் போட்டு, 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு எட்டாம் நாள் விட்டார்கள். பையன் இருட்டில் நடந்து ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினான். கடத்தியவர்களில் ஒருவன் சிறையிலிருந்து மன்னிப்புக் கேட்டு எழுதினான். பிற்காலத்தில் அவன் வெளியே வந்தபோது ஜார்ஜ் அவனுக்குத் தம் கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்தார். அதை நான் செய்திருப்பேனா என்றால், மாட்டேன்.

ஜார்ஜ் 1966ல் கம்பெனித் தலைவரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நார்ட்டன் கிளாப். வினோனா ஊர் நார்ட்டன் வீட்டு மகள் வழிப் பேரன். 1870களில் ஆற்றோரம் சேர்ந்த கூட்டு, தொண்ணூறு வருஷம் கழித்து, வேர்ஹவுசர் பெயர் போட்ட கம்பெனிக்குக் கூட்டாளி வீட்டுப் பிள்ளையைத் தலைவராக்கியது. எங்கள் தெருவில் ஒரு மரக்கடையில் இது நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கல்லாப் பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்ப்பதற்கே ஒரு தலைமுறை ஆகும்.

1980 மே 18ல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. கம்பெனியின் காட்டில் 68,000 ஏக்கர் ஒரே நாளில் போயிற்று. விழுந்த மரத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். ஏழே வருஷத்தில், சாம்பலைக் கையால் தோண்டி அடிமண்ணில் வேர் படும்படி, 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டார்கள். கிளெமன்ஸில் கற்றுக்கொண்டது அங்கே கைகொடுத்தது. 1991ல் ஜார்ஜ் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கூட்டாளிக் குடும்பங்களுக்கும் வெளியே ஒருவரிடம் சாவி போயிற்று. கம்பெனி உடையவில்லை. ஒரு கோடி ஏக்கருக்கு மேல் காடு இன்றும் அதன் கையில் இருக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க மினசோட்டா பக்கம் போகிற பெரியவர்கள் நம்மில் இப்போது நிறைய. மினியாபோலிஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் லிட்டில் ஃபால்ஸ் என்ற ஊர் வரும். வேர்ஹவுசரின் மகன் சார்லஸும் மஸ்ஸர் வீட்டு ட்ரூவும் அங்கே சேர்ந்து மில் நடத்தினார்கள். மிசிசிப்பிக் கரையில் 1898ல் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்ட அவர்களுடைய வீடுகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஜனங்கள் போய்ப் பார்க்கலாம். தொழிலைப் பிரித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.